பகலெல்லாம் தூங்கும் பிள்ளைகள்

அனுப்புநர்:
சு. ஈஸ்வரபாண்டி,
ஜீப் ஓட்டுநர்,
கோம்பைக்காட்டுத் தெரு, கம்பம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தேனி.

பொருள்: எங்கள் தெரு அங்கன்வாடியை, தோட்ட வேலைக்கு ஜீப் கிளம்பும் முன்பே திறக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தெருப் பெண்களை விடியும் முன் கேரள ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்வது என் தொழில். முன்பெல்லாம் கிளம்பும்போது சின்னப் பிள்ளைகள் போடும் அழுகையில் ஹாரன் கேட்காது. இந்த ஆண்டு ஒரு பிள்ளையும் அழுவதில்லை. நிம்மதி என்றுதான் நினைத்தேன்.

2. சென்ற மாதம் மலைப்பாதையில் மரம் சாய்ந்ததால் பாதியில் திரும்பினோம். நல்ல வெயில் ஏறியிருந்தது. தெருவில் ஒரு சத்தமில்லை. முதல் வீட்டு நாகஜோதி பூட்டைத் திறந்தார். மூன்று வயது மகள் திரிஷா பாயில் கிடந்தாள். உதட்டில் ஈ ஊர்ந்தது, முகம் சுளிக்கவில்லை. பக்கத்து வீடுகளிலும் அப்படியே. தொட்டால் உடம்பில் சூடு இருக்கிறது, கூப்பிட்டால் அசைவில்லை.

3. நான் பதறியதும் நாகஜோதி, "சத்தம் போடாதீக அண்ணே. இருமல் மருந்துதான் குடுத்தேன். நாம வர்ற வரைக்கும் முழிக்காது" என்றார். எல்லா வீட்டிலும் அதே மருந்து. முன்பு நாகஜோதியின் மூத்த மகள் ஓவியா பள்ளிக்குப் போகாமல் தங்கையைப் பார்த்துக்கொண்டாள். ஆசிரியர்கள் வீடு வீடாக வந்து அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தார்கள். நல்ல காரியம். சின்னதுகளை யாரிடம் விடுவது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. மருந்து வீட்டுக்குள் வந்தது இப்படித்தான்.

4. அங்கன்வாடியில் சத்துமாவும் முட்டையும் சோறும் உண்டு. ஊழியர் அம்மா அழைக்க வரும்போது வீடுகள் பூட்டியிருக்கும். உள்ளே பிள்ளை கிடப்பது அவருக்குத் தெரியாது. திரிஷா இப்போது விழித்திருக்கும்போதும் பேசுவதில்லை. சுவரையே பார்க்கிறாள். சோறு ஊட்டினால் விழுங்க மறந்துவிடுகிறாள். மருத்துவமனையில் காட்டியபோது, இனியும் அந்த மருந்தைக் கொடுத்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும் என்று மருத்துவர் எச்சரித்தார். நாகஜோதி வேலையை விட்டுவிட்டார். அவர் வீட்டில் அடுப்பும் சரியாக எரிவதில்லை. அதைப் பார்த்துப் பயந்தே மற்ற வீடுகளில் மருந்தை நிறுத்தவில்லை.

5. தாய்மார் மேல் வழக்கு எதுவும் வேண்டாம் ஐயா. ஜீப் கிளம்பும் முன்பே அங்கன்வாடியைத் திறந்து, நாங்கள் திரும்பும் வரை பிள்ளைகளை வைத்திருக்க ஆணையிடுங்கள். மருத்துவக் குழுவையும் உடனே அனுப்புங்கள். வருபவர்கள் முன்கூட்டிச் சொல்லாமல், பகலில் வரட்டும். அரசு வண்டி வந்து நின்றால் எந்தத் தெருவிலும் பிள்ளைகள் ஓடி வந்து சூழ்ந்துகொள்ளும். எங்கள் தெருவில் ஒன்றுகூட வராது.

இடம்: கம்பம்
நாள்: 17.11.2025

இப்படிக்கு,
சு. ஈஸ்வரபாண்டி