படகு அவர்களிடம், திருகு உன்னிடம்

இன்று காலை என் தஞ்சாவூர் வாடகை அறையில் குளியலறை ஜன்னலை அடைக்க ஒருவர் வந்தார். துப்பாக்கி மாதிரி ஒன்றில் சிலிக்கான் குழாயைச் செருகி, கண்ணாடி ஓரமாக வெள்ளைப் பசையை இழுத்துக்கொண்டே போனார். அறை முழுக்கப் புளித்த காடி வாசனை. "மூக்கப் பொத்திக்கங்க சார், பழக்கமில்லாதவங்களுக்குத் தலை வலிக்கும்" என்றார். நான் சிரித்துவிட்டேன். தன் வேலையில் ஏதோ கோளாறு என்று அவர் திரும்பிப் பார்த்தார். இதே பசையால் ஒருவன் ஒரு படகின் மூடிகளை அடைத்தான், அவசரத்துக்கு அவனாலேயே திறக்க முடியவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அந்த ஒருவனிடமே சொல்கிறேன்.

உனக்கு நினைவிருக்கும். திருவாரூருக்கும் நாகூருக்கும் நடுவில், கடலை பஸ் ஏறிப் போய்த்தான் பார்க்க வேண்டிய நம் ஊருக்கு அரசாங்கம் ஒரு படகு கொடுத்தது. முந்தைய வெள்ளத்தில் நம் தெரு மூழ்கியதால்தான் அந்தப் படகு வந்தது. அந்த வெள்ளத்தில் முட்டி தேய்ந்து நடக்க முடியாத உன் அம்மாவைக் கல்யாணச் சமையல் அண்டாவில் உட்கார வைத்து நாம் இழுத்து வந்தோம். அன்றிலிருந்து ஊரே அவரை 'அண்டா அத்தை' என்றது. "இனிமே மூழ்கிச் சாவேனே தவிர அண்டாவுல ஏற மாட்டேன்" என்று அத்தை சத்தியம் செய்திருந்தார். ஆகவே படகு வந்தபோது அதிகம் சந்தோஷப்பட்டவன் நீ.

படகு நம் தெருவுக்கு வரவில்லை. மேலத்தெருவில், ஊராட்சித் தலைவர் வீட்டு வாசலில் தென்னை மரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். பாதுகாப்புக்காம். மேட்டில் இருக்கும் அந்தத் தெருவில் கணுக்கால் நனைந்த சரித்திரம் கிடையாது. "தீயணைப்பு வண்டிய ஆத்துக்குள்ள நிறுத்துன மாதிரி இருக்குடா" என்றாய்.

அந்த ஐப்பசியில் ஊரில் வெள்ளம் வரவில்லை. படகுக்குள் மட்டும் வந்தது. முன்னாலும் பின்னாலும் சாமான் வைக்க இருந்த இரண்டு பெட்டிகளின் மூடி இடுக்கு வழியாக மழை இறங்கி, பெட்டிகள் நிறைந்து, நடுவிலும் தேங்கியது. தலைவர் வீட்டு வாத்துகள் அதில் நீந்தின. கொசுப் புழு பார்க்க வந்த சுகாதார ஆய்வாளர் வெள்ள மீட்புப் படகைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூள் தூவிவிட்டுப் போனார். மூடி வைக்க வந்த தார்ப்பாய் தலைவரின் நெல் குவியலுக்குப் போயிருந்தது.

தண்ணீர் அள்ள உனக்கு ஆள் அனுப்பினார்கள். நீ டிப்ளமோ மெக்கானிக்கல். அள்ளுகிற வேலை, கழுவுகிற வேலை என்றால் அவர்களுக்கு நம் தெருதான் ஞாபகம் வரும், படித்திருந்தாலும் சரி. "போகாதடா" என்று கத்தினேன். நீ பெயிண்ட் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். "நிக்கிறது அவங்க வாசல்லதான். ஆனா மிதக்கப் போறது நம்ம தெருவுலடா. ஓட்டையா இருந்தா முங்கப் போறது யாரு, தலைவரா?"

அள்ளி முடித்ததும் நாகூர் போனோம். படகு பழுது பார்க்கும் ஒரு பாயிடம் நீ பத்துப் படகுக்கு முதலாளி மாதிரி பேசினாய்.

"உங்க போட்டு எங்கத்தம்பி நிக்கிது?"

"தென்னமரத்தடியிலங்க."

"தண்ணி எவ்வளவு ஏறுது?"

"கீழேருந்து ஏறலங்க பாய். மேலேருந்து இறங்குது."

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். படகின் பின்பக்கம் அடியில் ஒரு துளை உண்டு, அதற்குப் பித்தளைத் திருகு ஒன்று உண்டு. "கரையில நிக்கிறப்ப திருகைக் கழட்டி வச்சிருங்க. வர்ற மழைத்தண்ணி தன்னால வழிஞ்சிரும். இறக்குறப்ப மாட்டுங்க. மூடிக்கு ஓரமா ரப்பர் ஒட்டி, கொக்கி போட்டு இறுக்குங்க. பசைய மட்டும் அப்பிறாதீங்க."

கடைசி வாக்கியத்தை நீ ஏற்கவில்லை. "சிக்கனத்துக்குச் சொல்றாரு" என்று நாலு சிலிக்கான் குழாய் வாங்கினாய். மூடிகளுக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினாய். அது போதாதென்று சுற்றிலும் பசையை இழுத்து, கல்யாண வீட்டுக் கேக் மாதிரி விரலால் வழித்துவிட்டாய். மேலே வாளி வாளியாக ஊற்றினோம். ஒரு சொட்டு இறங்கவில்லை. வாத்துகள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

தார்ப்பாய் போன மாதிரி மற்றதும் போய்விடக் கூடாது என்று துடுப்புகளையும் கழற்றிய திருகையும் எங்கே வைத்தாய்? பத்திரமாக, பின்பக்க மூடிக்குள். வைத்துவிட்டுத்தான் அடைத்தாய்.

அடுத்த கார்த்திகையில் கரை உடைந்தது. மணல் லாரி இறங்குவதற்காகக் கரையைச் சாய்த்து வெட்டியிருந்த இடத்தில்தான் உடைந்தது. லாரிக்கு விட்ட வழியில் ஆறு நம் தெருவுக்கு வந்தது. காலையில் நம் தெருக்காரர்கள் எட்டுப் பேர் தலைவர் வாசலில் நின்றோம். தாசில்தாரைக் கேட்காமல் படகை எடுக்கக் கூடாது என்றார்.

"அவரு வர்றதுக்குள்ள எங்கம்மா மிதந்து நாகூரே போய்ச் சேர்ந்துரும்ங்க" என்றாய்.

மாடியிலிருந்து சாவி வந்து விழுந்தது. வீசியது தலைவர் மனைவி. அந்த அம்மாவை மட்டும் நான் திட்டுவதில்லை.

படகைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓரம் ஓடினோம். நீ மூடியைப் பிடித்து இழுத்தாய். நான் இழுத்தேன். எட்டுப் பேரும் இழுத்தோம். கடப்பாரை போட்டால் ஃபைபர் பிளந்துவிடும். உன் வேலை அவ்வளவு சுத்தம்.

"திருகு எங்கடா?" என்றேன்.

நீ மூடியைக் காட்டினாய்.

பிறகு ஏறி, பின்பக்கம் உட்கார்ந்து, துளையில் குதிகாலை வைத்து அழுத்தினாய். "தள்ளுடா" என்றாய். துடுப்புக்கு இரண்டு மண்வெட்டி. கசிந்ததை அள்ள அதே பெயிண்ட் வாளி.

அத்தை அடுப்புமேடையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு ஆடு. மடியில் டிவி. ஏற்றினோம். ஏறியதுமே கேட்டார், "ஏன்டா காலை அப்படி வச்சிருக்க?"

"சும்மாதாம்மா."

"சும்மாவா? தண்ணி வருதேடா! ஐயோ, ஓட்டப் படகுடா! இதுக்கு அண்டாவே தேவலையே!"

"சத்தம் போட்டன்னா காலை எடுத்துருவேன்."

அத்தை தன் வாழ்நாளில் பேசாமலிருந்த பயணம் அது ஒன்றுதான். ஆடுகள்கூட மூச்சு விடவில்லை. பள்ளிக்கூடத்துப் படியில் இறக்கிவிட்ட பிறகு உன் முதுகில் நாலு அடி போட்டார். நீ காலை எடுக்காமல் அத்தனையையும் வாங்கிக்கொண்டாய், தெருவில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். அன்று முழுவதும் அந்தக் கால் அங்கேயேதான் இருந்தது. மறுநாள் பேப்பரில் படகில் நின்று கும்பிடும் தலைவரின் படம் வந்தது.

தண்ணீர் வடிந்ததும் பிளேடால் பசையை அறுத்து எடுத்தாய். பாய் சொன்ன மாதிரி ரப்பரும் கொக்கியும் போட்டாய். திருகை உன் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டாய். நான் சிரித்ததற்கு, "படகு யார் வாசல்லயாவது நிக்கட்டும்டா, திருகு நம்மகிட்ட இருக்கணும்" என்றாய். படகும் காய்ந்து கிடந்தது. துளை திறந்திருந்ததால் வந்த மழை நிற்காமல் போனது.

உன்னை அடித்ததும் மணல் லாரிதான். திருவாரூர் சாலை, பட்டப்பகல். நீ அதிவேகமாக வந்தாய் என்று எழுதிக்கொண்டார்கள். மேட்டில் ஏற நான் இறங்கித் தள்ள வேண்டிய உன் பைக்கைத்தான் சொல்கிறார்கள். லாரி இன்னும் ஓடுகிறது. ஆஸ்பத்திரியில் உன் போனையும் திருகையும் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். "இது என்னங்க, மந்திரிச்சதா?" என்று நர்ஸ் கேட்டார். அத்தை அதை எடுத்து என் கையில் வைத்தார். "நீ வச்சுக்க. எனக்கு மறுபடி அண்டா வேணாம்."

சிலிக்கான்காரர் போன பிறகு தலைவர் போன் செய்தார். மழைக்காலம் வந்தால் அவர் குரலில் மரியாதை ஏறும், உனக்குத்தான் தெரியுமே.

"தம்பி, பெருமழைன்னு டிவியில சொல்றான். அந்தத் திருகு உங்ககிட்டதான இருக்கு?"

"இருக்குங்க."

"யாருகிட்டயாச்சும் குடுத்து விடுங்களேன்."

"நானே வந்து மாட்டுறேங்க. படகு எங்க தெருவுக்கு வரட்டும்."

"அங்க வெயில்ல காயுமேப்பா."

"நாங்க காயலீங்களா?"

 நாளைக்கே டிராக்டர் வைத்துப் படகை அனுப்புவதாகச் சொன்னார்.

அதே திருகு நாகூரில் கடைக்குக் கடை கிடைக்கும். தலைவருக்கு அது தெரியாது. படகைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர் நம் தெருவில்தான் கேட்க வேண்டும். நம் தெருவில் யாரும் சொல்லப்போவதில்லை.

அத்தைக்குப் போன் போட்டேன். "வரட்டும், வந்து நிக்கட்டும். அதுவரைக்கும் அண்டா என் கட்டிலுக்குப் பக்கத்துலதான்" என்றார். காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். திருகு இப்போது என் அரைஞாண் கயிற்றில். உட்கார்ந்தால் இடுப்பில் குத்துகிறது. நீ எப்படி உட்கார்ந்தாய் என்று கேட்க மறந்துவிட்டேன்.