ஆறு மணிக்குப் பிறகு பஸ் இல்லை

ஏப்ரல் 9, செவ்வாய்

விடியவே மழை. பேப்பர் கட்டு பாதி நனைந்துவிட்டது. எங்கள் கடை வாசல் பஸ் கம்பத்தில் புது அறிவித்தல்: ஜூனில் இருந்து மாலை ஆறுக்குப் பிறகு பஸ் கிடையாது. ஞாயிறும் இல்லை. லண்டன் ஓரத்தில், குரோய்டனுக்கு அப்பால் வயலும் குதிரையுமாகக் கிடக்கும் இந்த ஊருக்கு இருப்பதே மணிக்கு ஒன்று.

ஜோன் தபால் முத்திரை வாங்க வந்தார். வயது எண்பத்தொன்று. கணவர் ஆர்தர் குரோய்டனில் பராமரிப்பு இல்லத்தில், நினைவு தப்பிய நிலை. அங்கே மாலை ஐந்தரைக்குச் சாப்பாடு. ஜோன் ஊட்டினால்தான் வாய் திறப்பார். ஊட்டி முடித்து ஆறரை பஸ்ஸில் வீடு. "இனி அவர் சாப்பிடாமல்தான் படுப்பார்" என்றார். முத்திரையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

லண்டன் மேயர் தேர்தலில் நிற்கும் எல்லோருக்கும் கடிதம் எழுத வேண்டும். பாலுக்கு ஓடர் கொடுக்க வேண்டும். பல் டொக்டர் – மறுபடி தள்ளிப் போட்டாயிற்று.

ஏப்ரல் 16, செவ்வாய்

கடிதங்களுக்கு இரண்டு பதில். இரண்டும் கம்ப்யூட்டர் தானாக அனுப்பியவை.

என் கணவர் நாதனின் சிநேகிதர் சிவம் அண்ணைக்குப் போன் பண்ணினேன். லண்டனின் மறுகோடி ஹரோவில் தமிழ் வர்த்தகர் சங்கம் நடத்துகிறவர்.

"ஞாயிறு எங்கட சங்கச் சாப்பாட்டுக்கு ஒரு மேயர் வேட்பாளர் வாறார், தங்கச்சி. அஞ்சு கேள்விக்குத்தான் நேரம். ஒண்டை நீங்கள் வாசியுங்கோ. பொம்பிளையளும் வேணும்."

"பஸ்ஸைப் பற்றிக் கேக்கலாமோ?"

"கேள்வியெல்லாம் எழுதியாச்சு."

வாறன் என்று சொல்லி வைத்தேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஹரோ. கடைச் சாமான் ஏற்றும் வானில் இரண்டு மணித்தியாலம். ரோல்ஸ், வடை, பொன்னாடை. என் கையில் தந்த தாளில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு மண்டபம் கேட்கும் கேள்வி. என் முறை வந்தது. தாளை மடித்துவிட்டு பஸ்ஸைக் கேட்டேன்.

"அது எங்கே இருக்கிறது?" என்று வேட்பாளர் தன் உதவியாளரிடம் கேட்டது மைக்கில் விழுந்தது.

"லண்டனில்தான்" என்றேன். சிரித்தார்கள். பிறகு ஆர்தரின் சாப்பாட்டைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. கட்டாயம் பார்ப்பதாகச் சொன்னார். உதவியாளர் ஊர்ப் பெயரைப் பிழையாக எழுதினார். எழுத்து எழுத்தாகச் சொல்லித் திருத்தினேன்.

கை கழுவும் இடத்தில் சிவம் அண்ணை. "எங்கட சனத்துக்கு ஆயிரம் பிரச்சினை கிடக்கு. உங்களுக்கு வெள்ளைக்காரற்ற பஸ்தானோ கிடைச்சது?"

"பதினொரு வருசமா அவையோடதான் இருக்கிறன் அண்ணை. அவையும் என்ர சனம்தான்."

துவாயை எறிந்துவிட்டுப் போனார். வகுப்பு நடத்தும் ரீச்சர் எதிர் மேசையில். என் பக்கம் திரும்பவே இல்லை. அவருடைய ஒரு நிமிடத்தை எடுத்தது நான். அது உறுத்துகிறது.

வரும் வழியில் நாதன்: "நல்லாத்தான் கேட்டீர்." தலையிடி.

ஏப்ரல் 25, வியாழன்

வேட்பாளரின் உதவியாளர் போன். நல்ல மரியாதை. உங்கள் ஊரில் எத்தனை வாக்காளர்கள் என்று கேட்டார்.

நூறுக்குக் கிட்ட என்றேன். உடனே நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

"முன்னூறு எண்டு சொல்லியிருக்கலாமே" என்றார் நாதன்.

சொல்லியிருக்கலாம்தான்.

மே 2, வியாழன்

வாக்களிப்பு. வெயில், குளிர் காற்று. அந்த வேட்பாளரின் கடைசித் துண்டுப் பிரசுரம் காலையில் வந்தது. 'வெளி லண்டனுக்குச் சிறந்த பஸ்' என்று ஒரு வரி. எங்கள் ஊர்ப் பெயர் இல்லை.

வாக்குச்சாவடி இரண்டு மைல். நாதன் கடை வானில் நான்கு தடவை ஆட்களை ஏற்றிப் போனார். வெங்காய மணத்தோடு. அடையாளம் காட்ட ஜோனிடம் கடவுச்சீட்டு இல்லை, முதியோர் பஸ் பாஸைக் காட்டினால் போதும் என்றார்கள். "இதற்காவது உதவுகிறதே" என்று சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார்.

கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டினேன்: ஜூனில் இருந்து மாலையில் குரோய்டனில் இருந்து ஜோனைக் கூட்டிவர யார், எந்த நாள்? மூடும் நேரத்தில் பார்த்தேன். திங்கள் நாங்கள். செவ்வாயும் வெள்ளியும் குதிரை லாயக்காரர். புதன், வியாழன், சனி பக்கத்துத் தெருவார். ஞாயிறு வெறுமை.

நாதன் களைத்துப்போய்க் கதிரையில் இருந்தார். கண்ணைத் திறக்காமலே, "ஞாயிறும் எங்கட பேரைப் போடும்" என்றார்.

போட்டேன். வாக்கு எண்ணிக்கை சனிக்கிழமைதானாம்.