அனுப்பாத விண்ணப்பம்

டேய் ஒட்டடக்குச்சி,

ஆகஸ்ட் 3, காலை 6.10. கல்லூரி திறக்க எட்டு நாள். பெட்டியில் இதுவரை பதினேழு பொருட்கள். விடுதி அறைக்கென்று நாம் சேர்ந்து வாங்கிய பிளக் பெட்டியை மட்டும் எடுத்துவைக்கக் கை வரவில்லை.

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. உன் கல்லூரி விண்ணப்பத்தையும் நான்தான் நிரப்பினேன். "கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன் நீ இருக்கும்போது நான் எதுக்குடா மவுஸைத் தொடணும்?" என்று சிரித்தாய். என்னுடையதை அனுப்பினேன். உன்னுடையதைச் சேமித்தேன், அனுப்பவில்லை. அது போகாமல் கிடப்பதைக் கடைசி நாள் போன பிறகுதான் பார்த்தேன். உன்னிடம் வந்து சொன்னபோது கதவைச் சாத்திக்கொண்டாய்.

நேற்று உன் அப்பா என்னை நிறுத்தி, "அனுப்ப மறந்துட்டேன்னு சொல்றான். நீயாவது ஞாபகப்படுத்தியிருக்கக் கூடாதா, தம்பி?" என்றார். பழியை நீ ஏற்றுக்கொண்டது அப்போதுதான் தெரிந்தது. நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இனி செய்யப்போவது:

1. ஏழு மணிக்கு, உன் அப்பா வேலைக்குக் கிளம்புமுன், அவரிடம் உண்மையைச் சொல்வேன். தடுக்காதே.
2. அவர் திட்டி முடிக்கும்வரை நிற்பேன்.
3. அடுத்த வருடம் நீ விண்ணப்பம் நிரப்பும்போது கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டேன்.

உன் பக்கத்து பெஞ்சுக்காரன்