நூவொலாவின் கக்கூசு

மார்ச் 23, ஞாயிறு

கிழமை முழுவதும் பலெர்மோவில் பொலித்தெயாமா பக்கத்துக் கட்டடங்களின் படிகளைக் கழுவுகிறேன். எனக்கென்று இருப்பது ஒரு ஞாயிறு. அதையும் இன்று ஒரு படகின் கக்கூசுக்குள் முழங்காலில் நின்று கழித்தேன்.

படகின் பெயர் நூவொலா. முகில் என்று அர்த்தமாம். முகில் இப்படி நாறுமா? படகுக்கு வயது நாற்பத்தேழு. என் மனிசன் இவர் பத்தொன்பது வருடம் வேலை செய்த வீட்டு எசமான், வழக்குப் பேசுகிற அப்புக்காத்து, தை மாதம் செத்துப்போனார். சின்யோரா புருசனின் உடுப்புகளைக் கோயிலுக்குக் கொடுத்தார், நாயைத் தங்கைக்குக் கொடுத்தார், பாய்மரப் படகை இவருக்குக் கொடுத்தார். "தவா, நீதானே கழுவினாய், நீயே வைத்திரு." அதோடு வேலையும் முடிந்தது. லா காலாத் துறையில் படகு நிற்க ஒக்ரோபர் முடிவுவரை வாடகை கட்டியிருக்கிறாராம். அதற்குப் பிறகு படகும் நாங்களும் எக்கேடாவது கெடலாம்.

கக்கூசு ஒரு அலுமாரி அளவு. கையால் அடிக்கிற பம்பி. குழாய்க்குள் வருடக்கணக்கான அப்புக்காத்து கல்லாக இறுகிக் கிடக்கிறார். பலெர்மோவில் நான் கழுவாத கக்கூசு இல்லை. எனக்கே குமட்டியது. இவர் மேலே அப்புக்காத்தின் வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு சுக்கானைப் பிடித்தபடி - கட்டியிருக்கிற படகுக்குச் சுக்கானை என்ன பிடிக்கிறது?

"நீங்களும் ஒருக்கா இறங்கி வந்தால் என்ன?"

"கப்பித்தானோ கக்கூசு கழுவுறது? நீர் கெதியாய் முடிச்சிட்டு வாரும், மேலை காத்து நல்லாயிருக்கு."

மார்ச் 30, ஞாயிறு

இன்று படகின் அடிக்குழி. பலகையைத் தூக்கினால் கறுப்புத் தண்ணீர். டீசல், தலைமயிர், நெத்தலி ரின். அதற்குள் ஒரு பல்லுச் செற், மேல்வரிசை.

அப்புக்காத்தின் பல்லு. எட்டு வருடத்துக்கு முன் அது காணாமல் போனபோது, சாப்பாட்டு மேசைக் கடதாசியோடு இவர்தான் எறிந்துவிட்டார் என்று சின்யோரா ஏசினார். அன்று மழைக்குள் தெருக் குப்பைத் தொட்டிகளை எல்லாம் கிளறிய மனிசன் இவர். வீட்டுக்கு வந்து சாப்பிடவுமில்லை.

இவரிடம் நீட்டினேன். கனநேரம் பார்த்தார். "பாவம், சாப்பிட எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார்" என்றார். எனக்கு வந்த அருவருப்பு பல்லைப் பார்த்து வந்ததல்ல.

தானம் தந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பிடிக்கவே இல்லை. அதுவே காட்டுகிறது.

ஏப்பிரல் 6, ஞாயிறு

பல்லைக் கழுவி, பெட்டியில் வைத்து, சின்யோராவிடம் கொண்டுபோனார். மேலே ஏறவிடவில்லை. கீழே காவல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னாராம். ஏசினதுக்கு ஒரு சொல்? ஒன்றுமில்லை. "அவவுக்கு மனம் சரியில்லை" என்கிறார் இவர். தூ.

சோற்றில் டீசல் மணக்கிறது.

ஏப்பிரல் 14, திங்கள், வருடப் பிறப்பு

இன்று பின்னேரம் நல்ல நேரம் பார்த்து, படகு முதல் தரம் கடலுக்குப் போவதாக இருந்தது. புதுக் காருக்குச் செய்வதுபோல எல்லாம் செய்தோம். சந்தனம், குங்குமம், பலாறோச் சந்தையில் வாங்கிய பூ, தேசிக்காய். எமிலியானுஸ் வந்திருந்தான். மன்னார்ப் பிள்ளை, அரெனெல்லாவில் படகுகள் திருத்துகிற இடத்தில் வேலை. பக்கத்துப் படகுக்காரன் நீனோவும் இருந்தான். கதிரையை விட்டு எழும்பாமல் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுகிற பென்சன்காரன். தன் படகை அவன் கழுவி நான் கண்டதில்லை.

இவர் தான் பிறந்த வல்வெட்டித்துறையின் கடலோடிப் பெருமை அளந்தார். அங்கே குழந்தை நடக்க முதல் நீந்துமாம். ஒன்பது வயதில் கொழும்புக்குப் போன மனிசன். பேச்சுப் பல்லக்கு, தம்பி கால்நடை.

"தேங்காயைக் கரையில சீமெந்தில அடியுங்கோ" என்றேன்.

"படகுக்குத்தானே உடைக்கிறது. படகிலதான் உடைக்க வேணும்."

கற்பூரம் சுற்றிவிட்டு, ஓங்கிப் படகின் முன்தட்டுத் தளத்தில் அடித்தார். தேங்காய் உடையவில்லை. தட்டு உடைந்தது.

பெரிய சத்தமும் இல்லை. ஊறின மெத்தையில் குத்தினதுபோலப் பொத்தென்று உள்ளே போய் நின்றது. எமிலியானுஸ் தேங்காயை இழுத்தெடுத்துவிட்டு விரலை விட்டுக் கிளறினான். மேலே ஒரு பைபர்த் தோல், கீழே ஒரு பைபர்த் தோல், நடுவில் பலகை இருக்க வேண்டிய இடத்தில் தேயிலைச் சக்கைபோலக் கறுத்த சேறு. புளித்த நாற்றம்.

"அண்ணை, இதோடை கடலுக்குப் போகாதேங்கோ. பாயை இழுத்துக் கட்டினால் தட்டுத் தாங்காது."

மேலே பெயின்ற் அடித்து யாருக்காவது விற்றுவிடு, எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள் என்றான் நீனோ.

இவர் உடையாத தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு அல்பெர்கேரியாவில் வீடுவரை நடந்தே வந்தார்.

ஏப்பிரல் 15

குசினியில் அந்தத் தேங்காய் ஒரே அடியில் உடைந்தது. சம்பல் இடித்தேன். இவர் தொடவில்லை.

மே 4, ஞாயிறு

வருடப் பிறப்பிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். சவரமில்லை, குளிப்பும் ஒருநாள் விட்டு ஒருநாள். வேலை போனபோதுகூட இப்படி இல்லை. அப்போது காலையில் எழும்பிப் போக ஒரு படகு இருந்தது. இன்று கட்டிலடியில் நின்று சொன்னேன், "அந்தச் சனியனை உடைக்கிறவனுக்குக் குடுப்பம்."

"உம்மட விருப்பம்."

முப்பது வருடத்தில் இன்றுதான் என் விருப்பத்தைக் கேட்கிறார், அதுவும் பிணத்தின் குரலில். பார்க்க வெறுப்பாக இருக்கிறது. பயமாயும் இருக்கு. நான் வேலையால வரேக்கை இந்த மனிசன் உயிரோடை இருக்குமோ எண்டு படி ஏறேக்கை எல்லாம் நினைக்கிறன். என்ன சீவியம் இது?

மே 11, ஞாயிறு

உடைக்கிறவன் வருமுன் என் வாளியையும் தும்புத்தடியையும் எடுத்துவரப் படகுக்குப் போனேன். ஓட்டையிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஒழுகி, நான் கழுவி வைத்த கட்டிலில் வடிந்திருந்தது. சீ. சூப் கரண்டியால் ஒரு கரண்டி வழித்தேன். பிறகு இன்னொன்று. ஊத்தை எங்கே முடிகிறது என்று காணாமல் விட்டுவிட்டுப் போக எனக்கு ஏலாது. படியிலும் அப்படித்தான், அதனால்தான் எப்போதும் பஸ்ஸைத் தவறவிடுகிறேன்.

வெளிக்கிடும்போது இரண்டு வாளி நிறைந்திருந்தது. இன்னும் முடியவில்லை. உடைக்கிறவனை அடுத்த கிழமை வரச் சொல்லலாம்.

யூன் 2, திங்கள், லீவு

உடைக்கிறவனுக்கு இன்னும் சொல்லவில்லை. இவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை, இவர் கேட்கவும் இல்லை.

எமிலியானுஸ் மேல்தோலைச் சதுரமாக வெட்டித் தந்தான். "அக்கா, கீழ்த்தோலை மட்டும் குத்திப்போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். குத்திப்போட்டேன். இப்போது கக்கூசில் இருந்தால் வானம் தெரிகிறது.

நீனோ விழுந்து விழுந்து சிரித்தான். "உன்ரையும் இப்பிடித்தான் கிடக்கும் கிழவா, தட்டிப் பார்க்க உனக்குப் பயம்" என்று தமிழில் சொன்னேன். அதற்கும் சிரித்தான்.

யூலை 15

சாந்தா றோசலியா திருவிழா. நேற்று வாணம் விட்ட சாம்பல் படகெங்கும். வெட்டின இடம் வெயிலில் காய்கிறது. நாற்றம் குறைந்துவிட்டதா, என் மூக்குச் செத்துவிட்டதா?

ஓகஸ்ற் 3, ஞாயிறு

புதுப் பலகை வைத்து றெசின் ஊற்றுகிற வேலை. அந்தப் பிசின் கையில், மயிரில், காதுக்குள். தேனைப் போல இருக்கும், தலை முழுகினாலும் மணம் போகாது. நேற்றுப் படுக்கும்போது இவர் சுவரைப் பார்த்தபடியே "உம்மட தலை என்னவோ மணக்குது" என்றார்.

இன்று நிமிர்ந்து பார்த்தால் கரையில் நிற்கிறார். தாடியும் சாரமும். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. வெட்டின சதுரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் வரலாமோ?"

"செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

பைபர்த் துணியை ஒரு நுனியில் பிடிக்கக் கொடுத்தேன். சுருக்கம் விழப் போட்டார். உரித்துத் திரும்பப் போடச் சொன்னேன். போட்டார். வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அழுகை வந்தது, றெசின் கண்ணில் பட்டதென்று சொன்னேன்.

ஒக்ரோபர் 26, ஞாயிறு

வாடகை முடிய இன்னும் சில நாள்தான். ஸ்பெராகவால்லோவில் மீன்பிடிப் படகுகளோடு ஒதுக்கமாக ஒரு இடம் எமிலியானுஸ் பார்த்துத் தந்தான். இன்று கொண்டுபோனோம். அவன் பாயைப் பார்த்தான், எனக்குச் சுக்கான். கோண்டாவிலில் பிறந்து கடலைப் பஸ்ஸுக்குள்ளிருந்து மட்டும் பார்த்தவள் நான்.

காப்போ கால்லோ முனை திரும்பியபோது காற்று அடித்துப் படகு சாய்ந்தது. வல்வெட்டித்துறைக் கடலோடி அப்புக்காத்தின் தொப்பிக்குள் சத்தி எடுத்தார். தொப்பியை வாங்கிக் கடலில் எறிந்தேன். அலை முன்தட்டை அறைந்தது. நான் கடலைப் பார்க்கவில்லை, தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை.

சந்தோசம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. உடம்பெல்லாம் உப்பு, அரிக்கிறது.

நவெம்பர் 9, ஞாயிறு

விடிய என்னை எழுப்பினது இவர். சவரம் எடுத்திருந்தார், தேத்தண்ணி கையில். "எழும்பும், பஸ் போயிடும்."

இந்த ஊர் மீன்காரர் குடலையும் செதிலையும் எங்கள் பக்கமாகவே வீசுகிறார்கள். மனிசரா? நான் படகின் மேலே இருந்து அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். கீழே தூரிகை தேய்க்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கக்கூசுக்குள் முழங்காலில் நிற்கிறார். நான் சொல்லவில்லை.

"மூலையைப் பாருங்கோ, அங்கைதான் நாறுறது."

"ஓம்."

தேய்க்கிற சத்தம் நின்றது. ஓங்காளித்தார். பிறகு உள்ளேயிருந்தே கேட்டார், "சீ... இதை எப்பிடியப்பா நீர் இவ்வளவு காலமும் செய்தனீர்?"

நான் சுக்கானில் கையை வைத்தேன். மேலே காற்று நல்லாயிருந்தது.