சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்

அத்தை,

இன்று அலமாரியைத் துடைக்கும்போது உங்கள் பழைய டப்பாவைத் திறந்தேன். பேண்டேஜ் துணியின் கஞ்சி வாசம் குப்பென்று வந்தது. "பேண்டேஜ் நெய்யுற ஊரு தாயி, நம்ம ராஜபாளையத்துல எந்த வீட்டுலதான் இது இல்ல?" என்பீர்கள். அப்போதே நான் அதை நம்பவில்லை.

கல்யாணமான புதிதில் உங்கள் மகன் சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மாட்டார். கேட்டால் நீங்கள் முந்திக்கொண்டு, "மில்லுல மெஷினு பட்டுருச்சு தாயி" என்பீர்கள். ஆபீஸில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவரை எந்த மெஷின் வந்து கடிக்கும், அத்தை? அவருக்குக் கோபம் வந்தால் தட்டு பறக்கும். பிறகு அறைக்கதவு சாத்திக்கொள்ளும். கதவு திறந்ததும் என்னை வெளியே நிறுத்திவிட்டு, இந்த டப்பாவோடு நீங்கள் உள்ளே போவீர்கள்.

சனிக்கிழமைகளில் அம்மாவும் மகனும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறுவீர்கள், அந்த ஊரை ஒட்டியிருக்கும் திருவண்ணாமலைக் குன்றில் பெருமாளைச் சேவிக்க என்று சொல்லி. திரும்பும்போது கையில் பால்கோவா இருக்கும், துளசி இருக்காது. நான் பிறந்த ஊரைக் காட்டி எனக்கே காது குத்துகிறார்களே என்று பொருமினேன். அவருக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருக்கிறது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை அதே பஸ்ஸில், கடைசி சீட்டில், முக்காடு போட்டுக்கொண்டு நானும் வந்தேன். நீங்கள் போய் உட்கார்ந்தது மனநல டாக்டரின் வாசல் பெஞ்சில். எதிரே போய் நின்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொன்னா நீ விட்டுட்டுப் போயிருவியோன்னு பயந்துட்டேன் தாயி. வந்துட்டேல்ல, செத்த உக்காரு" என்று நகர்ந்து இடம் விட்டீர்கள்.

உங்கள் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. ஆனாலும் உட்கார்ந்தேன். அன்று திரும்பும் வழியில்தான், அவர் தன்னையே காயப்படுத்திக்கொள்வதை ஒப்புக்கொண்டு, சொன்னீர்கள்: "ஏன் செஞ்சீகன்னு கேக்காத. வலிக்குதான்னு கேளு." அப்படியே கேட்டேன். டாக்டரின் மாத்திரையும் சேர, கட்டுகள் குறைந்தன.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு அவர் ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தவில்லை. "அவிய எம்புட்டு மாறிட்டாக!" என்று பக்கத்து வீட்டில் மெச்சினார்கள். எனக்கு அந்தச் சாந்தம்தான் சந்தேகமாக இருந்தது. பைக்கை என் தம்பிக்குக் கொடுத்துவிடலாம் என்றார். டாக்டரிடம் இனிப் போக வேண்டாம் என்றார். எல்லாம் சிரித்துக்கொண்டே. ஒருநாள் காலைச் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"செத்துப்போகணும்னு தோணுதா உங்களுக்கு?"

தட்டு பறக்கும் என்று நினைத்தேன். அவர், "ஆமா" என்றார். பிறகு தேம்பித் தேம்பி அழுதார். "எங்கம்மா ஒருநாளும் இத வாய்விட்டுக் கேட்டதில்ல."

அன்று மத்தியானமே டாக்டரிடம் கூட்டிப்போனேன். தேறும்வரை நானும் தம்பியும் மாறி மாறிக் கூடவே இருந்தோம். இப்போது தவறாமல் போய்வருகிறோம்.

"நம்பு தாயி" என்று சொல்லிச் சொல்லியே ஏமாற்றினீர்கள். அந்த நம்பிக்கை எனக்கு இன்னும் வரவில்லை, அத்தை. அவர் அதிகம் சிரித்தால் முகத்தை உற்றுப் பார்க்கிறேன். கதவு சாத்தினால் வாசலிலேயே நிற்கிறேன். நீங்கள் பயந்து விழுங்கிய கேள்வியை வாய் திறந்து கேட்கிறேன். அவர் பதில் சொல்கிறார்.