சர்க்காருக்கு விட்ட பாடு

நைனா,

இன்று காலை தம்பி பரணிலிருந்து உன் வலையை இறக்கினான். வருஷா வருஷம் நீ மரப்பட்டைச் சாயம் காய்ச்சிப் பத்திரப்படுத்திய வலை. பட்டை வாசனை வீடு முழுக்கப் பரவியது. அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்து, "இன்னாடா, உங்க நைனா வந்தாப்புல வாசன அடிக்குது?" என்றாள்.

காலேஜில் படிக்க சர்க்கார் கடன் தருகிறது என்று கேள்விப்பட்டு, என்னைத் திருவள்ளூர் ஆபீசுக்குக் கூட்டிப்போனாயே, அந்த நாள்தான் ஞாபகத்தில் நிற்கிறது. வேலைக்குப் போனதும் திருப்பிக் கட்டலாம். வாத்தியார் வேலை என்றால் வருஷத்துக்கு ஒரு பங்கு தள்ளுபடி. ஆனால் ஜாமீன் வேண்டும். குமாஸ்தா சொத்து கேட்டார். "ஊடு இருக்குது, படகு இருக்குது" என்றாய். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பதறிப்போய், "ஏரியில பாடு இருக்குது சார், அதையும் எழுதிக்கோ" என்றாய். பாடு என்கிற, நம் முறை வரும் நாளில் நல்ல துறையில் வலை போடும் உரிமையை அந்த மனுஷர் எங்கே கண்டார்? சிரித்துக்கொண்டே, "சரி, வச்சுக்கினோம், போ" என்றார்.

அந்தச் சிரிப்பை நீ பார்க்கவில்லை.

முதல் லீவுக்கு நான் வந்த அன்று நம் முறை. நீயோ கரையில் சும்மா உட்கார்ந்திருந்தாய். ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"அது இப்ப சர்க்கார் பாடும்மா. அடகு வச்சதுல கை வைப்பாங்களா? கடன் தீரட்டும்."

பாட்டை அடகு வைத்தவன் மீட்கும்வரை அதில் வலை போடக் கூடாது என்பது நம் ஊர்க் கட்டுப்பாடு. குமாஸ்தா விளையாட்டுக்குச் சொன்னார் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். படிப்பே வேண்டாம், வந்துவிடுகிறேன் என்றும் அழுதேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆபீசருங்க விளையாடுவாங்களா? போய்ப் படிடி!"

நீ அடுத்தவர் படகில் கூலிக்குப் போனாய். அம்மா கருவாட்டுக் கூடை தூக்கினாள். பரீட்சையில் கேள்வித்தாளைத் தொடும்போதெல்லாம் எனக்கு ஏரிதான் கண்ணில் தெரிந்தது. பெயிலானால் நைனாவின் பாடு போச்சே! பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் நானும் அதை நம்பத் தொடங்கியிருந்தேன். புதுவாயல் பக்கம் பள்ளிக்கூட வேலை கிடைத்தும் பயம் விடவில்லை. தள்ளுபடி விதியை மாற்றிவிடுவார்களோ, பட்டியலில் என் பேர் விட்டுப்போகுமோ என்று வருஷம் பூரா அதே நடுக்கம். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் நீ கேட்பாய், "இன்னும் எம்மாம் பங்கு இருக்குது?"

கடைசிப் பங்கு தள்ளுபடியாவதற்குள் போய்விட்டாய்.

போன வாரம் அதுவும் தீர்ந்தது. நேராகத் திருவள்ளூருக்குப் போனேன். அந்த நாற்காலியில் இப்போது வேறு ஆள். "எங்க பாட்ட நாங்க எடுத்துக்கிறோம் சார்" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரிம்மா, எடுத்துக்கோ" என்றார்.

அவரிடம் கேட்காமல் தம்பியை ஏரியில் இறக்க எனக்கு மனசு வரவில்லை. கேட்டுவிட்டு வந்தும், வலை தண்ணீரில் விழும்வரை, யாராவது வந்து தடுப்பார்களோ என்று பாதையையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், நைனா.