பஸ் டிரைவர் கும்பிட்ட கார்

மலர்கொடி,

இன்று காலை நம் காரைப் பார்த்துப் பாண்டி பஸ் டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் கும்பிட்டார். சத்தியம்!

புது எஞ்சின் போட்ட பிறகும் உப்பளத்து ரோட்டில் அவர் பஸ்ஸுக்கு வழிவிடாமல் நின்று, பட்டுப்புடவையோடு உன்னைத் தள்ளவைத்த அதே கார்தான். எஞ்சினில் குறையே இல்லையாம். பழைய எஞ்சின்தான் இருக்கிறதென்று நினைத்துக் காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக் கொடுத்ததாம். ஆரோவில் மெக்கானிக் சகாயராஜ் லேப்டாப்பை மாட்டிச் சரிசெய்துவிட்டு, "இப்பதான் சார் இதுக்கு புத்தி வந்திருக்குது" என்றார்.

உப்பளத்து ஆட்கள் வழக்கம்போல் தள்ள ஓடிவந்தார்கள். நான் நிற்கவே இல்லை. கொக்கெல்லாம் பறந்து தோற்றன.

சகாயராஜை ஆரோவிலில் இறக்கிவிட்டு வருகிறேன். குழம்பைச் சூடு பண்ணிக்கொள். நாளைக் கிளியனூர் கல்யாணத்துக்குப் பஸ்ஸில்தான் போவேன் என்று காலையில் கோபித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாயே, இன்னுமா கோபம்?

பி.கு.: நீ நம்பமாட்டாய் என்று தெரியும்.

*(அடியில், வேறு கையெழுத்தில்)*

அந்த பஸ்ஸுல முன்சீட்டுல நான்தாங்க உக்காந்திருந்தேன். டிரைவர் ஒரு கையத்தான் தூக்கினாரு. ஆனா கும்பிட்டது நெஜம். நாளைக்கு கார்லயே போலாம். பட்டுப்புடவை மட்டும் கட்டமாட்டேன்.